முக்கால் பவுன் உயிர்

பைசன் பார்க்கத்தான் போனேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போலந்தின் கிழக்கு ஓரத்தில், பெலாரஸ் எல்லையை ஒட்டி, பியாவோவியேஜா என்றொரு காடு இருக்கிறது. ஐரோப்பியச் சமவெளியை ஒரு காலத்தில் மூடிக் கிடந்த பழங்காட்டில் மிச்சம் இருக்கும் பெரிய துண்டு. ரஷ்ய ஜார்களின் வேட்டைக்காடாக இருந்ததால் கோடாலிக்குத் தப்பியது. முதல் உலகப்போரில் அந்தக் காவலும் கலைந்தது. 1919-இல் அங்கிருந்த கடைசிக் காட்டு பைசனையும் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். உயிர்க்காட்சிசாலைகளில் மிஞ்சியிருந்த சிலவற்றைக் கொண்டு இனம் பெருக்கி, 1952-இல் மறுபடி காட்டுக்குள் விட்டார்கள். இன்றைக்கு ஊர் முழுக்க அதுதான். போலிஷ் மொழியில் அதற்கு ஜூபர் என்று பெயர். பீர் டப்பாவில் ஜூபர், விடுதிப் பலகையில் ஜூபர், கடையில் தொங்கும் சாவிக்கொத்தில் ஜூபர். வளர்ந்த கடா எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோவைத் தொடும். ஐரோப்பாவின் நிலத்தில் நடமாடும் விலங்குகளில் அதைவிடப் பெரியது கிடையாது. இதற்காகத்தான் மதுரையிலிருந்து கிளம்பிப் போயிருந்தேன்.

வார்சாவிலிருந்து பியாவிஸ்தோக்குக்கு ரயில். அங்கிருந்து ஹைனூஃப்கா வழியாகப் பேருந்து. எல்லைப்புறம் என்பதால் நடுவில் இரண்டு சிப்பாய்கள் ஏறிப் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு "ஜூபர்" என்றேன். அதில் ஒருவன் சிரித்துவிட்டான். போலிஷில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான் என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காட்டின் உட்பகுதிக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. எனக்கு வாய்த்தவர் அறுபதைக் கடந்த மனிதர், பழைய வனக்காவலர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்று தயங்கினேன். "பான் என்று சொல்லுங்கள், போதும்" என்றார். நம் ஊர் ஐயாவுக்கு அங்கே பான். அவரும் என்னைப் பான் என்றே அழைத்தார். இரண்டு ஐயாக்களுமாக செப்டம்பர் மாதத்து அதிகாலை மூடுபனியில் கிளம்பினோம்.

நான்கு மணி நேரம் நடந்தும் ஜூபர் வரவில்லை. ஒரு சாணிக் குவியல் கிடைத்தது. அதையும் மரியாதையாகப் படம் எடுத்துக்கொண்டேன். காடு வேறுவிதமாக இருந்தது. விழுந்த மரத்தை அங்கே யாரும் எடுப்பதில்லை. ஐம்பது மீட்டர் உயரம் நின்ற ஸ்ப்ரூஸ் மரம் சாய்ந்தால், சாய்ந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன்மேல் பாசி படர்கிறது. பாசிமேல் காளான் முளைக்கிறது. காளானுக்குப் பக்கத்தில் புதிய ஸ்ப்ரூஸ் கன்று. தரை என்று ஒன்று தனியாக இல்லை. கால் வைக்கும் இடமெல்லாம் மெத்தை மாதிரி அமுங்கியது.

திரும்பி வரும்போது பாதை நடுவில் பான் குனிந்தார். ஏதோ கிடந்தது. வால் தவிர்த்துப் பார்த்தால் என் நடுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் உயிர், செத்துப்போய். முதுகு கரும்பழுப்பு, விலா கொஞ்சம் வெளுப்பு, வயிறு சாம்பல். கண் இருக்கும் இடத்தில் கடுகு வைத்தது போல ஒரு புள்ளி. மற்றபடி அது முழுக்க மூக்குதான்.

"மூஞ்சூறு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். முகத்தை, நீண்டு நிற்கும் மூஞ்சியை வைத்து வந்த பெயர் என்றேன். அவர் நின்றுவிட்டார். தன் மொழியில் இதற்கு ரியூஃப்கா என்று பெயர். ரிய் என்றால் பன்றிக்கு இருக்கிறதே, அந்த நீட்டு மூஞ்சி. இரண்டு ஊர்க்காரர்களும் இந்தப் பிராணியைப் பார்த்ததும் மூக்கைத்தான் பார்த்திருக்கிறார்கள். முழுப்பெயர் ரியூஃப்கா அக்சமித்னா. அக்சமித் என்றால் வெல்வெட். மூக்கைப் பரிகசித்த கையோடு உடம்பைத் தடவிக் கொடுத்த பெயர்.

என் பாட்டி மூஞ்சூற்றை அடிக்க விடமாட்டாள். பிள்ளையார் வாகனம். ஆனால் அரிசிப்பானைப் பக்கம் அது வந்துவிட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போ சாமி, போ" என்று விளக்குமாற்றால் மரியாதையாகத் தள்ளிவிடுவாள். வாடை அப்படி. பியாவோவியேஜாவின் மூஞ்சூறு நம் வீட்டு மூஞ்சூற்றுக்கு ஒன்றுவிட்ட உறவுதான். இரண்டும் எலி இல்லை. எலிக்கு முன்பல் உளி போல வளர்ந்துகொண்டே இருக்கும், தானியம் கொறிக்கும். மூஞ்சூறு புழு, பூச்சி, நத்தை தின்னும் வேறு குடும்பம். நம்முடையது முப்பது கிராம், ஐம்பது கிராம் என்று கொழுத்திருக்கும். இது அதன் பக்கத்தில் நின்றால் குட்டி என்றுதான் நினைப்போம்.

"நரி கடித்திருக்கிறது" என்றார் பான், விலாவில் இருந்த பல்தடத்தைக் காட்டி. "கடித்துவிட்டுத் துப்பியிருக்கிறது." விலாவின் இரு பக்கமும் வாடைச் சுரப்பி இருக்கிறது. நரியும் பூனையும் அசைவைக் கண்டு பாய்ந்துவிடும். வாயில் போட்டதும் முகம் சுளித்துக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். ஆந்தைக்கு அந்தக் கவலை இல்லை, விழுங்கிவிடும். கோடை முடிவில் பாதைகளில் இப்படிச் செத்த மூஞ்சூறுகள் நிறையக் கிடக்கும் என்றார். நரி மட்டும் காரணம் இல்லை. போன வருடம் பிறந்து, குளிர்காலத்தைக் கடந்து, இந்த வசந்தத்தில் குட்டி போட்ட தலைமுறைக்கு இப்போது ஆயுள் முடிகிறது. ஒன்றேகால் வருடம், மிஞ்சினால் ஒன்றரை. இரண்டு வருடம் என்பது அதற்கு எட்டாத வயது.

ஒரு குச்சியால் அதன் உதட்டை மெல்ல விலக்கினார். பல் நுனியெல்லாம் சிவப்பு. வெற்றிலை போட்ட கிழவியின் வாய் மாதிரி. நான் ரத்தம் என்று நினைத்தேன். இரும்பாம். பல்லின் மேற்பூச்சில் இரும்புச் சத்து ஏறி அதைக் கடினமாக்குகிறது. பால்பல் தாய் வயிற்றிலேயே கரைந்துபோக, பிறந்த பிறகு முளைப்பது ஒரே ஒரு செட். அதைக் கொண்டு வாழ்நாள் முழுக்க வண்டின் ஓட்டை உடைக்க வேண்டும். இந்தக் கிழத்துக்கோ சிவப்பு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பல் தேய்ந்தால் அதோடு கதை முடிந்தது.

"இதைப் பார்த்துச் சின்னது என்கிறீர்கள். இது கோடைக்காலத்து ஆள், பெரிய உருவம். பிப்ரவரியில் வாருங்கள், இன்னும் சின்னதாகக் காட்டுகிறேன்" என்றார்.

குட்டிகளைச் சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். அவர் சொன்னது அதை இல்லை.

அன்று மாலை, ஜுரெக் என்ற புளித்த ரை தானிய மாவு சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சொன்ன விஷயத்தை முதலில் நான் நம்பவில்லை. குளிர்காலம் நெருங்கும்போது இந்த மூஞ்சூறு சுருங்குகிறது. பட்டினியால் மெலிவது வேறு. இதற்கு எலும்பே சுருங்குகிறது. மண்டையோடு தட்டையாகிறது, உள்ளே மூளை குறைகிறது, முதுகெலும்பு குட்டையாகிறது, ஈரலும் மண்ணீரலும் இளைக்கின்றன. வசந்தம் வந்ததும் அதே உயிர் மறுபடி வளர்கிறது.

இதை முதலில் கவனித்தவர் ஆகஸ்ட் தெஹ்னெல் என்ற போலந்து விலங்கியலாளர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, நாடே இடிபாடாகக் கிடந்த நேரத்தில், இந்தக் காட்டில் குழிப்பொறி தோண்டி மூஞ்சூறு சேகரித்தவர். ஊரைக் கட்டியெழுப்ப வேண்டிய காலத்தில் ஒரு மனிதர் மூஞ்சூற்று மண்டையோட்டை அளந்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது. மாதவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஜூலையில் மேடாக இருந்த மண்டை பிப்ரவரியில் தட்டையாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. 1949-இல் எழுதி வெளியிட்டார். அந்த நிகழ்வுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1952-இல் இதே ஊரில் பாலூட்டி ஆய்வகம் ஒன்றையும் தொடங்கிவைத்தார்.

சந்தேகம் கிளப்பியவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. குளிரில் பெரியவையெல்லாம் செத்து, சிறியவை மட்டும் பிழைத்திருந்தால்? அப்போதும் பிப்ரவரி மண்டைகள் சிறிதாகத்தானே தெரியும்? செத்த மண்டைகளை எவ்வளவு அடுக்கினாலும் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் வராது. ஒரே உயிரைக் கோடையிலும் குளிரிலும் வசந்தத்திலும் அளந்தாக வேண்டும். 2017-இல்தான் அதைச் செய்து காட்டினார்கள், தென் ஜெர்மனியில். பிடித்த மூஞ்சூற்றுக்கு அரிசி போன்ற அடையாளச் சில்லு ஒன்றைத் தோலடியில் வைத்து, எக்ஸ்ரே எடுத்து விட்டுவிட்டு, மறுபடி பிடித்து மறுபடி எடுத்தார்கள். மண்டையின் உயரம் சராசரியாக 15 சதவீதம் குறைந்து, வசந்தத்தில் 9 சதவீதம் மீண்டிருந்தது. தெஹ்னெல் 1962-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பான் சூப்பை முடித்துவிட்டு, "உங்கள் ஜூபருக்கு இது முடியுமா?" என்று கேட்டார். என் ஜூபர் என்றே சொல்லத் தொடங்கியிருந்தார்.

பெர்லினில் பிப்ரவரி தொடக்கத்தில் எனக்கு ஒரு வேலை வந்தது. வராவிட்டாலும் ஏதாவது ஒன்றை வரவழைத்திருப்பேன். அங்கிருந்து வார்சா அரைப்பகல் ரயில் பயணம். இந்த முறை பேருந்தில் ஏறிய சிப்பாய் எதற்கு வந்தாய் என்று கேட்டபோது "ரியூஃப்கா" என்றேன். அவன் சிரிக்கவில்லை, என் பாஸ்போர்ட்டை இன்னொரு முறை புரட்டினான்.

காடு வெள்ளையாகிவிட்டிருந்தது. பதினான்கு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. நான் இரண்டு பனியன், இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கடன் வாங்கிய கோட்டு, குரங்குக் குல்லா, அதன்மேல் இன்னொரு குல்லா என்று இரண்டு சுற்றுப் பெருத்துப் போய் நின்றேன். பான் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வகத்தின் சேகரிப்பு அறையை முதலில் காட்டினார்கள். தெஹ்னெல் காலத்திலிருந்து சேர்ந்தவை. லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். அலமாரி அலமாரியாகச் சின்னப் பெட்டிகள். எங்களை அழைத்துப் போன ஆய்வு மாணவி இரண்டு பெட்டிகளைத் திறந்து கறுப்புத் துணிமேல் வைத்தார். ஒன்று ஜூலை, ஒன்று பிப்ரவரி. நீளம் இரண்டுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்குள். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். ஜூலை மண்டை இட்லி மாதிரி உப்பியிருந்தது. பிப்ரவரி மண்டை மாவு புளிக்காத நாளின் இட்லி. வித்தியாசத்தைப் பார்க்கக் கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. தெஹ்னெலுக்குப் பிறகு இந்த ஆய்வகத்தைப் பல காலம் நடத்திய ஸ்ஜிஸ்வாவ் பூத்ஸெக்கும் இதே மண்டைகளோடுதான் வாழ்ந்தார். மண்டைக்குள் இருந்த மூளையையும் எடை போட்டார்.

பொறிகள் காட்டுக்குள் இருந்தன. இலையுதிர்காலத்திலேயே மரப்பெட்டிகளைத் தரையோடு வைத்து மேலே பலகை மூடியிருந்தார்கள். பனி அதன்மேல் முழங்கால் ஆழம். உள்ளே வைக்கோல், ஒரு பிடி மாவுப்புழு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தாக வேண்டும், இரவானாலும் சரி. தாமதித்தால் உள்ளே பிணம்தான் இருக்கும். மூஞ்சூற்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் பசி தாங்க முடியாது. தன் எடையில் 80, 90 சதவீதம் அளவுக்கு ஒரு நாளைக்குத் தின்கிறது. அறுபது கிலோ மனிதன் தினம் ஐம்பது கிலோ சாப்பிடுவதாக நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒவ்வொரு கவளத்தையும் தேடிப் பிடித்துக் கொன்று. இதயம் நிமிடத்துக்கு 800 தடவைக்கு மேல் அடிக்கிறது. பகல் இரவு என்ற பாகுபாடு கிடையாது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் தூக்கம், மறுபடி ஓட்டம். குளிர்கால நீள்உறக்கமும் இதற்கு இல்லை. கரடி தூங்குகிறது, முள்ளெலி தூங்குகிறது. இது விழித்திருந்தே கடக்க வேண்டும்.

முதல் நான்கு பெட்டிகள் காலி. மாணவி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கு மட்டும் ஜூபர் காலத்துப் பழைய அவநம்பிக்கை எட்டிப் பார்த்தது.

நடந்துகொண்டே கேட்டேன்: நியாயமாகப் பார்த்தால் குளிரில் பெருக்க அல்லவா வேண்டும்? அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் விடியும்வரை சூடாக இருக்கிறது. டம்ளரில் ஊற்றிய காபி பேச்சு முடிவதற்குள் ஆறிவிடுகிறது. உடம்பு சிறிதாக ஆக, உள்ளிருக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் வெளித்தோல் அதிகம், சூடு ஓடிவிடும். குளிர்நாட்டு விலங்குகள் பொதுவாகப் பெரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஜூபர் நடமாடும் அண்டா. ஏற்கெனவே டம்ளராக இருக்கும் பிராணி குளிர்காலம் வந்ததும் தன்னை ஏன் இன்னும் சின்ன டம்ளராக ஆக்கிக்கொள்கிறது?

"அண்டாவைச் சூடாக்க எவ்வளவு விறகு வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார் மாணவி. நான் பேசாமல் நடந்தேன். ஒவ்வொரு கிராமுக்கும் சூடு அதிகம் செலவாவது உண்மை. ஆனால் மொத்தத்தில் கிராமே குறைவு என்றால் மொத்தச் செலவும் குறையும். பிப்ரவரிக் காட்டில் மூஞ்சூற்றுக்கு இருக்கும் விறகு, பனிக்கு அடியில் உறைந்து கிடக்கும் வண்டும் சிலந்தியும் புழுவும்தான். தேடினால் கிடைக்கும், கோடை அளவுக்குக் கிடைக்காது. ரோமத்தை அடர்த்தியாக்கிக்கொள்கிறது. முதுகில் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் வைத்துக்கொள்கிறது. மிச்சத்துக்கு அடுப்பையே சிறிதாக்கிவிடுகிறது. உறுப்புகளில் பெருந்தீனிக்காரன் மூளை. சும்மா இருந்தாலும் தின்றுகொண்டே இருக்கும். அதையும் குறைக்கிறது. நாங்கள் மூவரும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு நடந்தோம். பனிக்கு அடியில் ஓர் உயிர் தன் எலும்பையும் மூளையையும் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மூளை குறைந்தால் முட்டாளாகாதா? ஆகிறது, கொஞ்சம். குளிர்கால மூஞ்சூறுகள் உணவு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரச் சுற்றுவழி எடுக்கின்றன என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அண்மையில் உயிருள்ள மூஞ்சூறுகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, அணுக்கள் சாகவில்லை என்று தெரிந்தது. உள்ளிருக்கும் நீரை இழந்து சுருங்குகின்றன. மனித மூளை சுருங்கினால் அது திரும்பி வராத வழி. வீட்டில் மறதி நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது தெரியும். இந்தப் பிராணி அந்த வழியில் போய்விட்டுத் திரும்பி வருகிறது. மருத்துவர்களும் இதன் பக்கம் காது கொடுக்கத் தொடங்கியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஐந்தாவது பெட்டியைத் தூக்கியதும் மாணவி விரலை உதட்டில் வைத்தார். உள்ளே ஏதோ கிச்கிச்சென்றது. என் காதில் பாதி விழுந்தது, பாதி விழவில்லை. அவ்வளவு மெல்லிய, உச்சத்தில் போகும் சத்தம். மூஞ்சூற்றுக்குக் கண் பெரிதாக உதவாது. மூக்கும் மீசையும்தான் எல்லாம். அந்தக் கீச்சொலி சுற்றிலும் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, முன்னால் இருப்பது புதரா வெட்டவெளியா என்று அறிந்துகொள்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வௌவாலின் வித்தை, ஆனால் மிக எளிய அளவில்.

வெளியே எடுத்து ஒளி ஊடுருவும் சின்னப் பிளாஸ்டிக் பையில் விட்டார். அங்கேதான் அதை முதன்முதலாக உயிரோடு பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் மிகை. அது ஓரிடத்தில் இல்லை. ஒரு கணம் நின்றாலும் மூக்கு மட்டும் பத்துத் திசையில் ஆடியது. எழுதத் தெரியாதவன் காற்றில் கையெழுத்துப் போடுவது போல. செப்டம்பரில் பாதையில் கிடந்ததைவிடக் கணிசமாகச் சிறியது. முதுகு கிட்டத்தட்டக் கறுப்பு, ரோமம் அடர்த்தி, அந்த வெல்வெட் என்ற பெயர் முழுக்கப் பொருந்தியது. பையை வில் தராசில் மாட்டினார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் படித்தார்: பை நீங்கலாக ஆறு கிராம்.

எனக்குக் கிராமில் எடை மனதில் ஏறாது. நகைக்கடைக் கணக்கில்தான் ஏறும். ஒரு பவுன் எட்டு கிராம். கோடைக்குட்டி ஒரு பவுன் இருக்கும். அதே உயிர் பிப்ரவரியில் முக்கால் பவுன். ஏப்ரல், மே மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது ஒன்றரைப் பவுன்கூட ஆகிவிடும். சேதாரம் போய்விட்டு, செய்கூலியோடு திரும்பி வரும் நகை. இதைப் பானுக்கு விளக்க முயன்றேன். கடைசியில் அவருக்குப் புரிந்ததெல்லாம் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மூஞ்சூற்றின் எடையில் தங்கம் வாங்குகிறார்கள் என்பதுதான். அப்படியே விட்டுவிட்டேன்.

இதைவிடச் சிறிய இனமும் அதே காட்டில் உண்டு. ரியூஃப்கா மலுத்கா, குட்டி மூஞ்சூறு. அது குளிரில் இரண்டரை கிராமுக்குக்கூட இறங்கும், கால் பவுனுக்குச் சற்று மேல். அதுவும் சுருங்குகிறது. ஊரை ஒட்டி ஓடும் நரேஃப்கா ஆற்றில் நீர் மூஞ்சூறு நீந்துகிறது. அதன் எச்சிலில் விஷம். அந்த இரண்டையும் நான் பார்க்கவில்லை. பேராசைப்படவும் இல்லை.

பைக்குள் ஒரு மாவுப்புழுவைப் போட்டார் மாணவி. மூக்கு அதன்மேல் தட்டுப்பட்டதும் பல் இறங்கிவிட்டது. சிவப்பு நுனிகள் ஒரு கணம் மின்னின. தேயாத, இளம் பற்கள். போன கோடையில் பிறந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று ஒரே ஈற்றில் பிறந்தவற்றில் ஒன்று. தாயைப் பிரிந்த நாளிலிருந்து தனி. இந்த இனத்துக்கு உறவு பாராட்டும் வழக்கம் கிடையாது. இரண்டு எதிர்ப்பட்டால் எழுந்து நின்று கத்தும், புரண்டு கடித்துக்கொள்ளும். ஆளுக்கு நம் ஊர்க் கணக்கில் இரண்டு கிரவுண்டு அளவு நிலம். அதற்குள்ளே இலைக்குப்பைக்கு அடியில் வழிகள். அந்த நிலத்தை இலையுதிர்காலத்துக்குள் பிடித்துவிட்டவைதான் குளிரைத் தாண்டும். பிடிக்காதவை பெரும்பாலும் தாண்டுவதில்லை. இதன் கூடப் பிறந்தவற்றில் எத்தனை இந்தப் பிப்ரவரியைப் பார்த்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

விடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மேல்கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் கையுறையோடு பையை வாங்கிக்கொண்டேன். கனமே தெரியவில்லை, ஆனால் துடிப்பு தெரிந்தது. துடிப்பு என்பதுகூடச் சரியில்லை. நொடிக்குப் பதின்மூன்று பதினான்கு அடி என்றால் அது தனித்தனி அடியாக விரலுக்குத் தெரியாது. மிக்ஸி ஓடும்போது மேடையில் கை வைத்தால் வருமே, அந்த அதிர்வு. பலகையை ஒட்டிப் பனியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. மேலே பதினான்கு டிகிரி கழித்தல். பனிக்கு அடியில், தரையை ஒட்டி, பூஜ்யத்தின் பக்கத்திலேயே நிற்கும் இதமான ஓர் உலகம். பையின் வாயை அந்தத் துளைக்கு நேராகப் பிடித்தேன். அது என் கையுறைமேல் ஏறி, கட்டைவிரல் இடுக்கில் மூக்கை நுழைத்து, அங்கே ஏதாவது தின்னக் கிடைக்குமா என்று ஒரு முறை சோதித்தது. இல்லை என்றானதும் துளைக்குள் போய்விட்டது. நானும் பானும் அந்தத் துளையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். மாணவி ஆறாவது பெட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

ஊர் திரும்பும் வழியில், காட்டோரப் புல்வெளியில், ஜூபர் நின்றன. ஒன்றிரண்டு இல்லை, இருபதுக்கு மேல். வனத்துறை போட்ட வைக்கோலைத் தின்றுகொண்டு, மூக்கிலிருந்து புகைவிட்டுக்கொண்டு, கம்பீரமாகத்தான் நின்றன. பான் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கிப் பார்த்தேன். படமும் எடுத்தேன். ஆனால் மனம் அந்த வைக்கோலிலேயே நின்றது. குளிர்காலத்தில் அவற்றுக்கு ஆள் வைத்துச் சோறு போடுகிறார்கள் என்று ஏனோ ஒரு சின்ன ஏளனம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி முதல் முறை எதற்காக வந்தேனோ, அதைப் பார்த்து இப்படி நினைத்தது அநியாயம்தான். குளிர் தாங்காமல் ஐந்து நிமிடத்தில் வண்டிக்குள் ஏறிவிட்டேன்.

கிளம்பும் முன் ஊர்க்கடையில் சாவிக்கொத்து ஜூபர்களுக்கு நடுவே ஒரு படக்கதைப் புத்தகம் கண்ணில் பட்டது. நாயகன் ஒரு மூஞ்சூறு. விதி தேர்ந்தெடுத்த மூஞ்சூறு என்பது போலத் தலைப்பு. எழுதி வரைந்தவர் தோமாஷ் சமோய்லிக். தெஹ்னெல் தொடங்கிய அதே ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். 2012-இல் வந்த புத்தகம். தன் பேரனும் படித்திருக்கிறான் என்றார் பான். ஒரு சொல் புரியாது என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

மதுரையில் வந்து இறங்கிய மறுநாள், துவைக்கப் போட வேண்டிய துணிகளை எடுக்க அம்மா பெட்டியைத் திறந்தாள். ஸ்வெட்டர், குல்லா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அடியில் கம்பளிக் கையுறை. அதைத் தூக்கியவள் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள்.

"ஏம்ப்பா, பெட்டிக்குள்ள மூஞ்சூறு ஏதும் பூந்திருச்சா?"